முழு நிமிஷம்

எங்கள் வகுப்பில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் நோயாளிகளின் மூச்சை எண்ணியதே இல்லை. எண்ணியதாக எழுதினோம், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் எண்ணினார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார்.

திண்டுக்கல்லில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். எனக்குப் பதினெட்டு வயது. அப்பா ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சேர்கிற அன்றைக்கு எங்களையெல்லாம் கொண்டுவந்து விட ஆள் வந்திருந்தது. என் அப்பா மேட்ரனிடம் மூன்று தடவை கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நான் சொல்ல வந்தவரோடு மட்டும் யாரும் வரவில்லை. கீரனூர்ப் பக்கத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். வயது இருபத்தெட்டு. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டார். அக்கா என்று கூப்பிட்டோமே தவிர, யாரும் அவரிடம் போய் உட்காரவில்லை.

காலையில் ஆறு மணிக்கு வார்டுக்குப் போனதும் முதல் வேலை காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்து கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் எழுதுவது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணவேண்டும். நாடி முடிந்ததும் கையை விட்டுவிடக் கூடாது. பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணவேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிப்போகும். அதனால் நாடி பார்ப்பதுபோலப் பாவனை செய்யவேண்டும். இதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வார்டில் இருபத்துநாலு கட்டில். நிமிஷக்கணக்கில் நின்றால் டாக்டரம்மா வருவதற்குள் முடியாது. நாடியைக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவோம். மூச்சுக்கு அதுவும் கிடையாது. இருபது என்று போட்டுவிடுவோம். எல்லோருக்கும் இருபது போட்டால் சந்தேகம் வரும் என்று நடுவில் ரெண்டு பதினெட்டு, ஒரு இருபத்திரண்டு.

அக்கா ஒவ்வொரு கட்டிலிலும் நின்றார். உடுப்பில் குத்தியிருந்த கடிகாரத்தை ஒரு கையால் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, நாடிக்கு ஒரு நிமிஷம், மூச்சுக்கு ஒரு நிமிஷம். அந்த நேரத்தில் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் திரும்ப மாட்டார். வார்டு சிஸ்டர் வந்து தலையில் அடித்துக்கொள்வார்.

"என்னத்தா, இன்னமும் எட்டாம் கட்டிலிலயா நிக்கிற? இம்புட்டு நேரமா என்னத்த எண்ணுற? மத்த பிள்ளைகள்லாம் முடிச்சிட்டு டிபனுக்கே போயிருச்சுக."

அக்காவுக்கு நிமிஷம் முடியும்வரை உதடு அசையாது. முடிந்ததும், "பதினேழுங்க" என்பார். அட்டையில் எழுதிவிட்டு ஒன்பதாம் கட்டிலுக்குப் போவார். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று ஒற்றை எண்கள் இருந்தால் அது அவர் எழுதிய அட்டை. எங்கள் அட்டைகளில் எல்லாம் இரட்டை எண்கள்தான்.

இப்படி நின்று எண்ணியதால் அவருக்கு டிபன் ஆறிப்போனதுதான் கிடைக்கும். பல நாள் கிடைக்காது. ஆஸ்டலில் தண்ணீருக்கு முறை வைத்திருந்தார்கள். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் சொல்லி மாளாது. தாமதமாக வந்தால் குளிக்க அரை வாளிதான் மிஞ்சும். அக்கா அந்த அரை வாளியோடு மூன்று வருஷத்துக்குமேல் ஓட்டினார்.

வார்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையில், சர்ச் பெஞ்சில், பஸ்ஸில், எங்கே உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏனுங்க அம்மிணி, ராத்திரி சளி பிடிச்சுதா? இருபத்திநாலு ஓடுது" என்பார். அவர் பக்கத்து ஊர்களில் பெண்பிள்ளைகளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்பவளுக்குக் கூசும். தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போவாள். "அவங்க பக்கத்துல உக்காந்தா மூச்சு விடவே பயமா இருக்குடி" என்று ஒருத்தி சொன்னதை எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் மட்டும் அவர் பக்கத்துக் கட்டில். அதனால் கொஞ்சம் பேச்சு இருந்தது. முதல் வருஷம் வீட்டை நினைத்து நான் அழுவேன். அப்போது வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் என் மணிக்கட்டுக்கு நகர்ந்துவிடும். பாசத்தில் பிடித்திருக்கிறாரா, எண்ணுவதற்காகப் பிடித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

ஏன் இப்படி எண்ணுகிறார் என்று ஆஸ்டலில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தோம். பெற்ற பிள்ளை தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டது என்றாள் ஒருத்தி. புருஷன் ஆஸ்துமாவில் இழுத்து இழுத்துச் செத்தான் என்றாள் இன்னொருத்தி. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க. எண்ணுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது. எண்ணறேன். அதுக்கு யாராச்சும் சாவோணுமா?"

இரண்டாம் வருஷக் கடைசியில் பெண்கள் வார்டில் ஒரு அம்மா இருந்தார். புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். இருதயம் வீங்கிப்போய் கால் இரண்டும் உப்பியிருந்தது. அன்று காலை அவர் அட்டையை நான்தான் எழுதினேன். நாடியைக் கால் நிமிஷம் பார்த்தேன். மூச்சு இருபது என்று போட்டேன். நெஞ்சை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மத்தியானம் அக்கா முறை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து நின்றார். கொஞ்ச நேரத்தில் ஓடுவதுபோல நடந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவின் மூச்சு முதலில் சின்னதாக ஆரம்பித்து, பெரிதாகிப் பெரிதாகி நாய் இரைப்பதுபோல வேகமெடுத்து, பிறகு அப்படியே தணிந்து, நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. நாம் பதறிப்போன பிறகு மறுபடி சின்னதாக ஆரம்பிக்கும். வேகமாக ஓடும்போது கால் நிமிஷம் பார்த்தால் ஒரு கணக்கு, நிற்கும்போது பார்த்தால் வேறு கணக்கு. முழு நிமிஷம் நின்றவருக்குத்தான் அது என்னவென்று தெரியும். இருதயம் கைவிடப் போகிறது என்பதற்கு அது அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அட்டையைப் புரட்டினார். "காலையில இருபதுன்னு போட்டிருக்கு. அப்ப இது எப்ப ஆரம்பிச்சது?"

நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார்.

"காலையில நான் எண்ணலீங்க" என்றார் அக்கா.

 காட்டிக் கொடுக்கவில்லை. காலையில் நன்றாகத்தான் இருந்தார் என்று எனக்காகச் சொல்லவும் இல்லை. அந்த அம்மா இரண்டு நாளில் இறந்துவிட்டார். காலையிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலை மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். காற்று வருகிறது என்று சாக்குச் சொன்னேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம்தான் அந்தப் பக்கமிருந்து வரும். சாப்பாட்டு மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்தேன். அக்கா மேசையின் அடுத்த கோடியில் தனியாகச் சாப்பிட்டார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு மதுரைக்குப் போனோம். எழுத்துப் பரீட்சையில் எங்களில் யாரையும்விட அதிக மார்க் அவருக்குத்தான். செய்முறையில் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு நோயாளியைக் காட்டி, அட்டை எழுது, கட்டுப் போடு, படுக்கையை மாற்று என்று குறிப்பிட்ட நேரம் கொடுத்தார். அக்கா நாடிக்கு ஒரு நிமிஷம், மூச்சுக்கு ஒரு நிமிஷம் நின்றார். கட்டுப் பாதியில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. பெயில். ஆறு மாதம் கழித்துப் போனார். அதே கதை.

மூன்று தடவைக்குமேல் எழுத விட மாட்டார்கள். அதற்குள் நாங்கள் எட்டுப் பேரும் பாஸ் பண்ணிவிட்டோம். எனக்கு அதே ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்தார்கள். அக்கா இன்னமும் மாணவிகளின் கோடுபோட்ட உடுப்பில், புதிதாக வந்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். என்னைப் பார்த்ததும் "குட்மார்னிங் சிஸ்டர்" என்றார். கேலி இல்லை. முறைப்படி சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயியைக் காய்கறி லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். விடியக்காலம் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. வலி இல்லாததால் எறும்பு என்று நினைத்துவிட்டார். லாரி வந்து சேரும்போது கண்ணிமை திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சு மேலெழும்பவே இல்லை. டாக்டரம்மா விஷமுறிவு மருந்தைப் போட்டுவிட்டு, தொண்டைக்குள் குழாயை இறக்கி, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் மெஷினிலிருந்த கறுப்பு ரப்பர் பையை அதில் மாட்டினார். பையை அமுக்கினால் மூச்சு உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். விஷம் இறங்கித் தசைகள் தானாக அசையும்வரை யாராவது அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நாளோ, மூன்று நாளோ, சொல்ல முடியாது என்றார்.

இருபது நிமிஷத்துக்கு ஒருவர் என்று முறை போட்டோம். முதல் நாள் சாயங்காலமே பாதிப்பேருக்கு விரல் மரத்துவிட்டது. நான் இருபது நிமிஷம், அக்கா நாற்பது நிமிஷம் என்று ஆகிவிட்டது. என் முறையின்போது அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எனக்காக எண்ணுவார். நான் அவசரப்பட்டால், "மெல்லங்க சிஸ்டர், அவருக்கு வெளிய விடறதுக்கும் நேரம் வேணும்" என்பார்.

அவர் கையில் பை இருக்கும்போது அந்த மனிதரிடம் பேசிக்கொண்டே இருப்பார். எங்களிடம் பேசாதவர் அவரிடம் அப்படிப் பேசினார்.

"இதா உள்ள போகுதுங்க. இதா வருது. ஒண்ணும் பயமில்லீங்க. உங்க வீட்டுக்காரம்மா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குது. இப்பத்தான் ஒரு டம்ளர் காப்பி குடிச்சுது. உங்கூர் லாரி திரும்பிப் போயிருச்சு. மழை விட்டிருச்சுங்க."

கண் மூடி, கட்டைபோலக் கிடந்தார் அவர். இரண்டாம் நாள் காலை ஒரு மாணவி எட்டிப் பார்த்து, "இது பொழைக்காது சிஸ்டர், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிரலாம்" என்றாள். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"அவருக்குக் காது கேக்குது. வெளிய போய்ப் பேசு."

"எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

"நீங்க வேணா நாடியைப் புடிச்சுப் பாருங்க சிஸ்டர். அந்தப் புள்ள பேசினதும் எப்படித் துள்ளுது பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். துள்ளியது. மூடிய கண்ணோரம் ஈரமாக இருந்தது.

அந்த மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அக்காவின் விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு அந்த அம்மாவுக்கு நான் எண்ணவே இல்ல. சும்மா இருபதுன்னு போட்டேன்."

அவர் அமுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க" என்றார்.

"ஏன் சொல்லல?"

"நான் பாக்காததை எப்படிச் சொல்லுவேன்?"

நான் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. என் அழுகை கொஞ்சம் அடங்கியதும், "என் விரல் மடங்க மாட்டேங்குது. நீங்க வாங்குங்க சிஸ்டர்" என்று பையை என் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை அந்த மனிதரின் கால் கட்டைவிரல் அசைந்தது. சாயங்காலம் பையை மீறி அவராகவே ஒரு மூச்சு இழுத்தார். அதன்பின் அவருடைய மூச்சு வந்து வந்து, எங்கள் மூச்சு தேவையில்லாமல் போயிற்று. குழாயை எடுத்த பிறகு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதினாறுங்க. இனி இது உங்களோடது" என்றார்.

ஊருக்குப் போகிற அன்று அவரும் மனைவியும் வந்து எல்லோரையும் கும்பிட்டார்கள். பையை அமுக்கியவர்கள் யார் யார் என்று முகம் பார்த்து அவருக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். என்னிடம் வந்து நின்று, "அன்னைக்கு அழுததும் நீங்கதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

மூன்றாம் தடவைப் பரீட்சை வந்தது. முந்தின நாள் நான் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அரை நிமிஷம் எண்ணி ரெட்டிப்பாக்கிப் போடுங்க அக்கா. பரீட்சைக்குத்தான். அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா நீங்க எம்புட்டு நேரம் வேணாலும் நின்னு எண்ணலாம். இந்தத் தடவையும் போச்சுன்னா உங்கள ஆயா வேலைக்குத்தான் வச்சுக்குவாங்க. அட்டையத் தொடவே விட மாட்டாங்க."

கேட்டுக்கொண்டார். பிறகு மறுநாளைக்கான உடுப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

பாஸ் பண்ணிவிட்டார். நல்ல மார்க். அடுத்த மாதமே வெளியூரில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனார். நெஞ்சு நோய் வார்டைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போவதற்கு முன்னால், ரிசல்ட் வந்த அன்று, அவரோடு நான் பேசிய பேச்சைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மேட்ரன் எல்லோருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் காணோம். தேடிப்போனேன். துணி உலர்த்துகிற இடத்தில், தொட்டித் திண்டில் உட்கார்ந்திருந்தார். கோடுபோட்ட பழைய உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண் சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழுதிருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னாப்பலயே பண்ணிட்டேனுங்க அம்மிணி" என்றார். "அரை நிமிஷம் எண்ணினேன். ஒம்பது வந்துச்சு. பதினெட்டுன்னு எழுதிட்டேன். அந்தப் பரீட்சகர் ரொம்ப நல்லதுன்னு சொன்னாரு."

"பிறகு என்னக்கா? முடிஞ்சிருச்சே."

"ஒரு அம்மா. அறுபது வயசிருக்கும். என் கையைப் புடிச்சுக்கிட்டு, பரீட்சையா கண்ணு, நல்லா எழுதுன்னு சொல்லுச்சு. திரும்பி வந்ததுக்கப்புறம் தூக்கமே புடிக்கலீங்க. மறுநாள் லீவு சொல்லிட்டு மதுரைக்குப் போனேன்."

"எதுக்கு?"

"மிச்சத்த எண்ணிட்டு வரலாம்னுதான். கட்டில்ல வேற ஆளு படுத்திருந்துச்சு. அந்தம்மா வீட்டுக்குப் போயிருச்சான்னு கேட்டேன். வார்டு ஆயாவுக்குத் தெரியல. எப்பக் கட்டில் காலியாச்சுன்னும் தெரியலீங்க. செத்த நேரம் நின்னு பாத்துட்டு பஸ் ஏறிட்டேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை நிமிஷத்தில் ஒன்பது என்றால் மிச்ச அரை நிமிஷத்திலும் ஒன்பதுதான் இருந்திருக்கும், அந்த அம்மா நன்றாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாமுங்க" என்றார். "நான் பாக்கல."